மேற்குப் பார்த்த முற்றத்துக்கு எந்த அலுமினியக் கூரை?

அரிசோனாவின் சாண்ட்லரில் மேற்குப் பார்த்த பின்முற்றம், 20 அடி அகலம். ஒற்றைத் தகடா, நடுவில் நுரை வைத்த பலகையா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் நுரைப் பலகையே போடுங்கள். ஒற்றைத் தகடு நிழல் தரும், ஆனால் ஜூலை வெயிலில் அதுவே சூடேறி உங்கள் தலைமேல் அனலை இறக்கும். 2023-இல் பக்கத்து ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. மேல்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும்.

அப்புறம், அலுமினியம் சூட்டில் நீளும். 20 அடி உத்தரம் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் அசையாமல் இறுக்கிவிட்டால், பொழுது சாய்ந்து ஆறும்போது டக் டக்கென்று சத்தம் வரும். நாளடைவில் திருகுத் துளைகள் தளர்ந்து மழைக்கு ஒழுகும். நீள்துளை வைத்து இடம் விடச் சொல்லுங்கள்.

சுவர்ப்பக்கம் ஸ்டக்கோ என்னும் சிமென்ட் வெளிப்பூச்சை நம்பித் திருகவே கூடாது, உள்ளே மரச்சட்டம் வரை போல்ட் இறங்க வேண்டும். மான்சூன் புழுதிக்காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். நகராட்சி பெர்மிட் வாங்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: நாலு மணிக்கு மேல் வெயில் கூரைக்குக் கீழே சாய்வாக நுழையும். அதற்கு மேற்கு ஓரத்தில் சுருட்டுத் திரை வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.