பழைய மிலிட்டரி அடுப்பு: வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: போச்சம்பள்ளி சந்தையில் 'மிலிட்டரி ஐட்டம்' என்று பித்தளை பம்பு அடுப்பு ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அம்பு முத்திரை இருக்கிறது. பம்பு அடித்தால் பிடி தானாக மேலே எழும்புகிறது, பம்புக் குழாயில் சீமெண்ணெய் ஏறுகிறது. ஏமாந்துவிட்டேனா? (காவேரிப்பட்டணம்)

பதில்: பம்பைப் பொறுத்தவரை இல்லை. குழாயின் அடியில் ஒரு சின்ன வால்வு, அதற்குள் ஸ்பிரிங்கும் மிளகளவு ரப்பரோ கார்க்கோ இருக்கும். அது இறுகிப்போனால் காற்றும் எண்ணெயும் இப்படித்தான் திரும்பி வரும். முதலில் காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வைக் கழற்றி எண்ணெய் தாங்கும் ரப்பர் போடுங்கள். சைக்கிள் டியூப் துண்டு ஆகாது, சீமெண்ணெயில் ஊதிவிடும். பம்புத் தண்டின் தோல் வாஷரை விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துவிட்டு மாட்டுங்கள்.

அம்பு என்பது பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். அதைப் புதிதாகவும் குத்தலாம். பள்ளத்துக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கறுத்திருக்க, பள்ளம் மட்டும் மஞ்சளாக மின்னினால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அமெரிக்க ராணுவத்தின் எம்-1950 பெட்ரோல் அடுப்பு வைத்திருக்கிறேன். பங்க் பெட்ரோல் ஊற்றலாமா? (ஓசூர்)

பதில்: வேண்டாம். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வாஷர்களைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஒகேனக்கல் போனபோது சீமெண்ணெய் கிடைக்காமல் பம்பு அடுப்பில் பெட்ரோல் ஊற்றினோம். குப்பென்று பிடித்துக்கொண்டது. விற்றவர் மேல் கேஸ் போடலாமா? (பாலக்கோடு)

பதில்: போட முடியாது, தப்பு உங்களுடையது. சீமெண்ணெய் ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 போதும். உயிரோடு திரும்பினீர்களே, அதுவே பெரிது.

கேள்வி: ஆன்லைனில் பழைய சாமான் கடை ஒன்றில் பம்பு அடுப்பு ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். 'டெஸ்ட் செய்தது, லீக் இல்லை' என்று விளம்பரம். பற்றவைத்ததும் கழுத்தில் (பர்னர் தொட்டியோடு சேரும் இடத்தில்) எண்ணெய் கசிகிறது. கடைக்காரர் போன் எடுப்பதில்லை. (அரூர்)

பதில்: உங்களிடம் தப்பில்லை. என்னை ஆண்டுக்கணக்காக எரிச்சலூட்டுவது இந்த மெருகு வேலைதான். ஓட்டைக்கு ஈயப் பற்று வைத்து, அதன் மேல் பஃப் அடித்துவிடுகிறார்கள். பஃப் அடிக்க அடிக்கப் பித்தளை மெலிகிறது. ஈயப் பற்று 183 டிகிரிவாக்கிலேயே இளகத் தொடங்கும், பர்னர் கழுத்தோ தொட்டியிலேயே அதிகம் சூடாகும் இடம். மினுக்கத்தை நம்பி நான் வாங்கிய ஒன்றில் மூன்றாம் நாளே பற்று விட்டது.

இனி வாங்கினால் தொட்டியைக் காலி செய்து, காற்று இறக்கும் திருகை இறுக மூடி, 15 தடவை பம்பு அடித்து, வாளித் தண்ணீரில் முக்குங்கள். நிப்பிளில் (பர்னரில் ஆவி வெளிவரும் சின்னத் துளை) குமிழ் வருவது இயல்பு. கழுத்து, விளிம்பு, மூடி இங்கெல்லாம் ஒரு குமிழ்கூட வரக்கூடாது. முக்கிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, கசியும் வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், யார் கையிலும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள், சாட்சியே அதுதான்.

கேள்வி: தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றலாமா? (ஊத்தங்கரை)

பதில்: முக்கால் அளவு போதும். மீதி இடம் காற்றுக்கு.