ஒருவரின் நோய் வரலாறு எதைச் சொல்லும்?

கேள்வி: மருத்துவ நூல்களிலும் உளவியல் நூல்களிலும் தனி ஒருவரின் நோய் வரலாற்றை விரிவாக எழுதுகிறார்களே, ஒரே ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து எதை முடிவு செய்ய முடியும்? எனக்குள்ள நோயிலிருந்து குணமானதாக ஒருவர் எழுதியிருப்பதை நான் நம்பலாமா?

பதில்: ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு, அது எத்தனை பேருக்கு நேரும் என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படியும் நேரக்கூடும் என்பதை மறுக்க முடியாதபடி காட்டிவிடலாம்.

1953-இல், கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு மூளையின் இருபுறமும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் கணிசமான பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ‘ஹெச்.எம்.’ என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடப்பட்டுவந்த அவரை, உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மறுநாள் வந்து உட்கார்ந்தபோது, முன்பு அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கையோ முந்தைய நாளைவிடக் குறைந்த பிழைகளோடு வரைந்தது. நினைவாற்றல் முழுவதும் ஒரே வகைப்பட்டது என்ற எண்ணத்தை அசைக்க அந்த ஒருவரே போதுமானவராக இருந்தார்.

மருந்துகளின் விஷயம் வேறு. 1961-இல் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட், கருவுற்றிருந்தபோது தாலிடோமைடு என்ற மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் கடுமையான பிறவிக் குறைபாடுகளைக் கண்டு, ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். வேறு மருத்துவர்களும் இவ்வாறு கண்டதுண்டா என்று அதில் கேட்டார். நோய் வரலாறு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, என் பார்வையில், இப்படிச் சரியான கேள்வியை உரிய நேரத்தில் எழுப்புவதுதான்.

குணமானவர் எழுதுகிறார், அதே மருந்தை உட்கொண்டும் குணமாகாதவர் பெரும்பாலும் எழுதுவதில்லை. மேலும், தானே ஏறித் தானே இறங்கும் நோய்களில், வேதனை உச்சத்தில் இருக்கும்போது எதைத் தொடங்கினாலும் சில நாள்களில் சற்றே தணியும். அந்த நற்பெயர் கடைசியாக உட்கொண்ட மருந்துக்குப் போய்விடும். ஆகவே நீங்கள் படிக்கும் வரலாற்றில் வயது, உடனிருந்த பிற நோய்கள், சேர்த்து உட்கொண்ட மருந்துகள், எவ்வளவு காலம் கவனித்தார்கள், மருந்தை நிறுத்தியபின் என்ன ஆயிற்று என்பவை சொல்லப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இவை இல்லாத கதையை ஆறுதலுக்காகப் படிக்கலாம் (ஆறுதலும் அற்பமன்று). அதை நம்பி மருந்தை மாற்ற வேண்டாம். இவை இருப்பின், உங்கள் மருத்துவரிடம் காட்டி, அதில் வரும் நோயாளியின் நிலைமையிலிருந்து உங்களுடையது எங்கெங்கே வேறுபடுகிறது என்று கேளுங்கள்.