போன் ஒட்டுக் கேட்கிறதா? – பிஸ்கட் டப்பாவில் விழுந்த கேள்விகள்

தண்டையார்பேட்டையில் போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்காருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை, ஏதாவது கேட்பார்கள். நான் பதிலைப் பாதி சொல்வதற்குள் அவர்கள் வேலை முடிந்துவிடும். அதனால் போன மாதம் கவுன்டரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்து, கேள்வியை எழுதிப் போடச் சொன்னேன். முப்பத்தேழு சீட்டு சேர்ந்தது. அதில் நாலு, கடையை மதியம் ஏன் மூடுகிறாய் என்பது. அதற்குப் பதில் கிடையாது. மற்றதில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அண்ணன்: "நானும் மச்சானும் ஐஸ் பெட்டி வாங்கலாம்னு பேசிக்கிட்டு இருந்தோம். போனைத் தொடவே இல்லை. சாயங்காலம் ஐஸ் பெட்டி விளம்பரம் வருது. ஒட்டுக் கேக்கிறானுங்களா?"

இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது சீட்டில் இருந்தது. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் சில ஆப்கள் திரையில் நடப்பதை வீடியோவாகப் பிடித்து வேறொரு கம்பெனிக்கு அனுப்பியது சிக்கியது. காதைச் சந்தேகப்பட்டுப் போனவர்கள் கண்ணைப் பிடித்துவிட்டு வந்தார்கள். 'ஹே சிரி' என்று யாரும் கூப்பிடாமலே ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்ததாக ஒரு வழக்கு உண்டு. ஆப்பிள் 2025-ல் 9.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டு அதை முடித்தது, தப்பு செய்தோம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, ஐஸ் பெட்டி எப்படி வந்தது? மச்சான் வீட்டுக்குப் போய் விலை தேடியிருப்பார். நீங்கள் இருவரும் அடிக்கடி ஒரே இடத்தில் இருப்பது கம்பெனிகளுக்குத் தெரியும். அதைவிட, உங்கள் போன் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறது, ஆறு மணிக்கு மார்க்கெட்டில் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் ஐஸ் பெட்டி வாங்குவாரா, ஐஸ்கிரீம் வாங்குவாரா என்று ஊகிக்கக் காது எதற்கு? அப்புறம், அன்றைக்கே வந்த லிப்ஸ்டிக் விளம்பரமும் ஃபிளாட் விளம்பரமும் உங்கள் நினைவில் நிற்கவில்லை, இதுதான் நின்றது.

செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் லொக்கேஷன் அனுமதியைத் திறந்து பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கெல்லாம் கொடுத்து வைத்திருப்பீர்கள், பிடுங்குங்கள். கூகுள் என்ற பகுதிக்குள் விளம்பரம் என்று இருக்கும், அங்கே விளம்பர ஐடியை அழிக்கலாம். விளம்பரம் நிற்காது, குறி தப்பும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருந்தால், மைக் திறந்திருக்கும்போது மேலே ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரியும். நீங்கள் பேசாத நேரத்தில் அது எரிந்தால் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: "வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை மெட்டா படிக்குமா அண்ணா?"

படிக்க முடியாதும்மா. 2016-லிருந்து மெசேஜுக்குள் இருப்பது இந்த முனையில் பூட்டி அந்த முனையில்தான் திறக்கிறது. பூட்டாத விஷயம் வேறு: யாரிடம், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை பேசினாய் என்பது. கடிதத்தைப் பிரிக்காத தபால்காரருக்குக் கூடத் தெருவில் யாருக்கு யார் எழுதுகிறார்கள் என்று தெரியும் இல்லையா? 2014-ல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) வாட்ஸ்அப்பை வாங்க அறிவித்த விலை 1,900 கோடி டாலர். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரமே கிடையாது. ஆசைப்பட்டு யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். 2021-ல் வாட்ஸ்அப் விவரங்களை மெட்டாவோடு பகிர, 'சம்மதித்தால் இரு, இல்லாவிட்டால் போ' என்று கொண்டுவந்த புதுக் கொள்கைக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

ஆனால் உன் விஷயம் வெளியே போவது மெட்டா இருக்கும் கலிபோர்னியா வழியாக இல்லை, காலேஜ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை வழியாக. பிரிண்ட் எடுக்க அந்தக் கடை நம்பருக்கு மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அனுப்புகிறாய். அந்தக் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் இருக்கும். நானும் பழுது பார்க்கப் போன இடத்தில் டவுன்லோட் ஃபோல்டரில் பாதித் தெருவின் ஆதாரைப் பார்த்திருக்கிறேன். பிரிண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் உன் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் போய் வெட்டி விடு.

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்: "ஆதார் நகல் கேட்காத இடமே இல்லை. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை."

உண்மைதான் ஐயா. எனக்கே நடந்தது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ஒருநாள் பார்த்தேன். என்னிடம் இருப்பது இரண்டு, அது காட்டியது மூன்று. எங்கேயோ கொடுத்த நகலில் எவனோ வாங்கியிருக்கிறான். 'இது என் நம்பர் இல்லை' என்று அதே இடத்தில் குறித்தேன். நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதாரைத் தரவிறக்கும்போது, முதல் எட்டு எண்ணை மறைத்துக் கடைசி நாலு மட்டும் தெரிகிற நகலும் கிடைக்கும், அடையாளம் கேட்கும் பல இடத்துக்கு அது போதும். கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் ஆதார் ஆப்பில் இருக்கிறது. ஆனால் ரேஷன் வாங்கப் போகும் நாளில் அதைத் திறக்க மறந்தால் என்னைத் திட்டக்கூடாது.

புளியந்தோப்பு, பேர் எழுதாத அக்கா: "தம்பி, ஒரு ஆப்பில் ஏழாயிரம் கேட்டேன். கையில் வந்தது நாலாயிரத்து இருநூறு. ஏழாம் நாள் முழுசா கட்டச் சொன்னாங்க. லேட் ஆனதும் என் போட்டோவை அசிங்கமா ஒட்டி எங்க அக்கா மாமியாருக்கு அனுப்பிட்டாங்க. ஆப்பை அழிச்சிட்டேன். போதுமா?"

போதாது அக்கா. ஆப்பை ஏற்றிய அன்றைக்கே 'அலவ், அலவ்' என்று அமுக்கியதில் உங்கள் காண்டாக்ட் முழுவதும், கேலரி முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. அழித்தது கதவை, திருடன் எப்போதோ போய்விட்டான்.

முதலில், அவர்கள் அனுப்பிய மெசேஜ், படம், நம்பர், பணம் போன யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெட்கப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். இரண்டாவது, உறவுக்காரர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு மெசேஜ் போடுங்கள்: "ஒரு மோசடி ஆப் என் போட்டோவை மாற்றி அனுப்புகிறது, போலீசில் சொல்லியாச்சு, வந்தால் பிளாக் பண்ணுங்க." இது உங்களுக்கு மலைபோல இருக்கும், தெரியும். ஆனால் அவர்கள் விற்பது பணத்தை இல்லை அக்கா, உங்கள் பயத்தை. நீங்களே சொல்லிவிட்டால் அவர்களிடம் சரக்கு தீர்ந்தது. மூன்றாவது, இதை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் தரும் ஆப் உங்கள் காண்டாக்ட், கேலரி, கால் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டது. பணம் வங்கியிலிருந்தோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலிருந்தோ நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். 2023 மே மாதத்திலிருந்து கூகுள் பிளே ஸ்டோரும் கடன் ஆப்களுக்கு காண்டாக்ட், போட்டோ அனுமதியை மூடிவிட்டது. அதனால்தான் இவர்கள் ஸ்டோர் பக்கம் வராமல் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறார்கள். லிங்கில் வந்தது என்றாலே பாதி விடை தெரிந்துவிட்டது. எந்த ஆப் எந்த வங்கியோடு சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் 2025 ஜூலையிலிருந்து பட்டியல் இருக்கிறது.

நம் பக்கம் தண்டல் புதிதில்லை. தண்டல்காரன் வாசலில் நின்று கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், மறுநாள் நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்கலாம். இந்த ஆப் நானூறு பேர் வாசலில் ஒரே நேரத்தில் நிற்கிறது, ஆளே இல்லாமல். பிரைவசி என்றால் ஏதோ படித்தவர்கள் கூகுளைத் திட்டுகிற விஷயம் என்று நினைக்கிறோம். கூகுள் என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் கூகுள் இதுவரை என் மாமியாருக்குப் போன் போட்டதில்லை.

கொருக்குப்பேட்டை அம்மா: "பையன் பிஜிஎம்ஐ விளையாடி யூசி வாங்கறேன்னு என் போனில் 2,400 ரூபாய் எடுத்துட்டான். எட்டாவது படிக்கிறான்."

அடிக்க வேண்டாம். (தெரியாதவர்களுக்கு: பிஜிஎம்ஐ போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம், யூசி அதற்குள் மட்டும் செல்லும் காசு.) எடுத்து 48 மணி நேரத்துக்குள் இருந்தால் கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேட்டுப் பாருங்கள். தாண்டியிருந்தாலும் கேளுங்கள், ஆனால் உறுதி இல்லை. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின் அவனுக்குத் தெரிகிறது என்றால் அது கேமின் பிரச்சினை இல்லை.

நானும் அந்த கேம் விளையாடுகிறவன்தான், மறைக்கவில்லை. சுடுவது, ஓடுவது, நாலு நண்பர்களோடு கத்துவது எல்லாம் ஒரு விளையாட்டு. தொல்லை, அதற்குள் இருக்கும் கடை. ரூபாயை யூசி என்று மாற்றிவிட்டால் செலவாவது தெரியாது. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டுவது எங்கள் காலத்து லாட்டரிச் சீட்டு, அவ்வளவுதான். பெல்ஜியம் 2018-லேயே அப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. ஃபோர்ட்நைட் என்ற கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், பட்டனை ஏமாற்றும்படி வைத்துப் பிள்ளைகள் கையால் வாங்க வைத்ததற்காக 2022-ல் 24.5 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆக உங்கள் பையன் திருடன் இல்லை, அவனைவிடப் பெரிய மூளைக்காரர்கள் போட்ட தூண்டிலில் மாட்டியவன். 18 வயதுக்குக் கீழே என்று பதிந்தால் பிஜிஎம்ஐ ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்தோடு நிறுத்தும். பையன் எந்த வயதைப் பதிந்திருக்கிறான் என்று பாருங்கள். என் அனுபவத்தில் எட்டாவது படிக்கிற எல்லாருக்கும் வயது இருபத்தொன்று.

"ரம்மி ஆப் லிங்க் இன்னும் வருது. விளையாடலாமா?"

காசு கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை மொத்தமாகத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. இன்னும் லிங்க் அனுப்புகிறவன் சட்டத்துக்கு வெளியே இருக்கிறவன். ஜெயித்தாலும் தரமாட்டான், போய்ச் சட்டையைப் பிடிக்க ஆள் கிடையாது.

ராயபுரம் தம்பி: "1,800 ரூபாய் கொடுத்து கேம் டவுன்லோட் பண்ணேன். நண்பன், அது உன்னுது இல்லைங்கறான்."

நண்பன் சொல்வது சரி. நீ வாங்கியது விளையாடும் உரிமம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 2024 அக்டோபரிலிருந்து காசு கட்டும் பக்கத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் கேம் 2014-ல் வந்தது, 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாளாக ஓட்டுகிறவனுக்கும் சர்வர் வேண்டும் என்று செய்திருந்ததால், காசு கொடுத்த அத்தனை பேர் கார்களும் ஷெட்டில் ஏறின.

பர்மா பஜாரில் டிஸ்க் வாங்கிய காலத்தில் இந்தக் கேள்வி இல்லை. கீறல் விழுந்தால் பல் பேஸ்ட் தடவித் தேய்ப்போம், சலித்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவோம். பாதி டிஸ்க் திருட்டுக் காப்பி என்பது தனிக் கதை, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியதை விற்கவோ தம்பிக்குக் கொடுக்கவோ முடியாது என்பதை நான் வியாபாரமாக ஏற்கவில்லை. சர்வர் இல்லாமல் ஓடுகிற கேமாகப் பார்த்து வாங்கு.

பெரம்பூர்: "ஆப்பிள் நல்லவனா, கூகுள் நல்லவனா?"

கம்பெனியில் நல்லவன் கெட்டவன் பார்க்காதீர்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூகுளுக்குப் பெரும்பங்கு விளம்பரத்தில், ஆப்பிளுக்குப் பெரும்பங்கு போன் விற்பதில். அதனால் ஆப்பிள் பிரைவசி பேச முடிகிறது. ஆனால் ஐபோனில் தேடினால் கூகுளே வர வேண்டும் என்பதற்காக 2022-ல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். இது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்த கணக்கு. நேர்த்திக்கடன் ஒரு கோயிலில், உண்டியல் இரண்டு பேருக்கும்.

தங்கசாலை (மின்ட்), ஃபிளெக்ஸ் டிசைன் கடை: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. கம்ப்யூட்டரையே மாத்தணுமா? போட்டோஷாப் 7-ல் பாமினி ஃபான்டில்தான் வேலை."

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம். நன்றாக ஓடும் மெஷினை, விண்டோஸ் 11 கேட்கும் சிப் இல்லை என்பதற்காக எடைக்குப் போடச் சொல்வது அநியாயம் என்பது என் கட்சி.

உங்கள் சிக்கல் வேறு. போட்டோஷாப் 7 வந்தது 2002-ல். அதில் போனிலும் நெட்டிலும் வரும் யூனிகோட் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அதனால்தான் இன்னும் பழைய முறை ஃபான்டான பாமினி. அடோபி 2013-ல் மாதாமாதம் காசு என்று மாறியதும் நம் பக்கத்துக் கடைகள் பழையதிலேயே தங்கிவிட்டன, அல்லது கிராக் (பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி) ஏற்றின. கிராக்கை மட்டும் தொடாதீர்கள். ஒரு கடையில் அதோடு வந்த வைரஸ் பதினொரு வருட டிசைனைப் பூட்டிவிட்டது, காசு கேட்டது, நான் போனபோது ஒன்றும் செய்ய முடியவில்லை.

பழைய மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள். மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மூலையில் தூசி படிந்து கிடக்கிற இன்னொரு கம்ப்யூட்டர் போதும், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றலாம், காசு கிடையாது. அதில் ஓடும் டிசைன் சாஃப்ட்வேர்களான இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். புதுப் பையனுக்கு அதில் பழக்கிவிடுங்கள், நீங்கள் பாமினியிலேயே இருங்கள். ஞாயிறு காலை 8 ஜிபி பென்டிரைவோடு வந்தால் ஏற்றித் தருகிறேன். நேற்று ஒருவர், "மின்ட்டில்தானே கடை வெச்சிருக்கேன், அங்கேயே கிடைக்காதா?" என்றார். இது வேற மின்ட்.