கைத்தொலைபேசி தானாக மாறுவதைத் தடுப்பது எப்படி?

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அவருடைய அண்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் அழைப்பு வரும் திரை அடியோடு மாறிவிட்டது. வழக்கமாக மேல்நோக்கி இழுத்து அழைப்பை எடுப்பவர், மட்டக்களப்பிலிருந்து அண்ணா எடுத்த அழைப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் கலங்கிப் போனார். நாங்கள் எந்த அப்டேட்டும் போடவில்லை. காட்டிய கடையில் சொஃப்ட்வெயாரை முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இவ்வாறு தானாக அப்டேட் ஆவதை நிறுத்த முடியாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து அந்தக் கடையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடாதீர்கள். சொஃப்ட்வெயாரை முழுவதும் மாற்றினால் உள்ளே இருக்கும் படங்களும் தகவல்களும் அழிந்துபோகக்கூடும். அதற்கு இங்கே தேவையும் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், மாறியிருப்பது இயங்குதளம் அன்று, அழைப்புகளுக்கான போன் செயலி மட்டுமே என்று தோன்றுகிறது. கூகுள் நிறுவனம் தனது போன் செயலியின் தோற்றத்தை 2025 ஓகஸ்ட் மாதத்தில் மாற்றியது. வேறு பல நிறுவனங்கள் தயாரிக்கும் கைத்தொலைபேசிகளிலும் அந்தச் செயலியே பொருத்தப்பட்டு வருவதால், எதையும் தொடாமல் இருந்தவர்களின் திரையும் ஒரே நாளில் மாறியது. வயதான ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகிய கையசைவை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றுவது சரியன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

போன் செயலியின் செட்டிங்ஸ் பகுதியில் 'இன்கமிங் கோல் ஜெஸ்சர்' என்று ஒன்று இருக்கும். பக்கவாட்டில் இழுப்பதா, ஒருமுறை தொடுவதா என்பதை அங்கே தெரிவு செய்யலாம். நடுங்கும் விரல்களுக்குத் தொடுவதே எளிது. பழைய தோற்றமே வேண்டுமென்றால், செயலியின் படத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, 'அப் இன்ஃபோ' பக்கத்துக்குச் சென்று, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதன்பின் பிளே ஸ்டோரில் அதே செயலியின் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள மூன்று புள்ளிகளுக்குள் 'எனேபிள் ஓட்டோ அப்டேட்' என்பதற்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சில நாட்களில் புதிய தோற்றம் திரும்ப வந்துவிடும்.

எல்லாச் செயலிகளுக்கும் நிறுத்த விரும்பினால், பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'நெட்வேர்க் பிரிஃபரன்ஸஸ்' பகுதியில் மாற்றலாம். ஆனால் வங்கிச் செயலியையும் வட்ஸ்அப்பையும் நீங்களே அவ்வப்போது கையால் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், 'வைஃபையில் மட்டும்' என்ற தெரிவே பலருக்குப் போதும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழும்பில் பல வீடுகளில் வைஃபை என்பது சிம் அட்டை போட்ட 4ஜி ரவுட்டர்தான். மாத டேட்டா அளவோடுதான் கிடைக்கிறது என்பது கைத்தொலைபேசிக்குத் தெரியாது. வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸ் குறியைத் தொட்டு அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிட்டால், பெரிய பதிவிறக்கங்கள் உங்களைக் கேட்காமல் தொடங்குவது குறையும்.

இயங்குதளத்தின் அப்டேட்டைப் பொறுத்தவரை, சம்சுங் கைத்தொலைபேசிகளில் 'சொஃப்ட்வெயார் அப்டேட்' பகுதியிலேயே வைஃபை மூலம் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தலாம். வேறு பலவற்றில் செட்டிங்ஸில் 'எபவுட் போன்' பகுதிக்குள் இருக்கும் 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தொட்டால் 'டெவலப்பர் ஒப்ஷன்ஸ்' திறக்கும். அதற்குள் 'ஓட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை அணைத்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2015ஆம் ஆண்டு, ஒரு படச்செய்தியை அனுப்பியே அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிக்குள் ஊடுருவக்கூடிய 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற குறைபாடு வெளிப்பட்டது. மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது அதன் பிறகுதான். தாயாரின் வங்கிக் கணக்கும் அந்தக் கைத்தொலைபேசியில் இருக்குமானால், மாதம் ஒருமுறை நீங்களே பக்கத்தில் இருந்து அதைப் போட்டுக் கொடுங்கள். அண்ட்ரொயிட்டின் பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்கு மட்டும் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம்.

கேள்வி: என் பழைய ஐபோனில் நான் கேட்காமலே புதிய ஐஓஎஸ் பதிவிறங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. போட்டால் வேகம் குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதற்குள் 'ஐபோன் ஸ்டோரேஜ்' என்று சென்றால், செயலிகளின் பட்டியலில் அந்த ஐஓஎஸ் கோப்பும் இருக்கும், அதைத் தொட்டு அழித்துவிடலாம். பிறகு 'சொஃப்ட்வெயார் அப்டேட்' பகுதியில் 'ஓட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்பதற்குள் தானாகப் பதிவிறங்குவதையும் நிறுவப்படுவதையும் அணையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான தெரிவு தனியாக இருந்தால் அதை அணைக்காமல் விடுங்கள்.

உங்கள் நண்பர்களின் அச்சம் ஆதாரமற்றது அன்று. மின்கலம் நலிந்த ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அப்டேட்டுகள் பழைய கைத்தொலைபேசிகளை மந்தமாக்கியதற்காக 2018 ஒக்டோபரில் இத்தாலியின் வர்த்தகப் போட்டி அதிகாரசபை அப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. எனவே முதலில் 'பற்றரி ஹெல்த்' பகுதியைப் பாருங்கள். மின்கலம் நலிந்திருந்தால் அதை மாற்றிய பின் அப்டேட் செய்வது நல்லது. புதிய பதிப்பு வெளியான சிறிது காலத்திலேயே பழைய பதிப்புக்கு அனுமதி வழங்குவதை அப்பிள் நிறுத்திவிடுவதால், ஒருமுறை போட்டபின் திரும்பிச் செல்ல வழியில்லை.