உங்கள் நாக்கின் மேல் குற்றமில்லை

அன்புள்ள ஐயா,

ஒயின் எனக்குப் புதிது. நான்கு மாதங்களாகத்தான் பழக்கம். முறையாகக் கற்றுக்கொள்ளும் ஆசையில், விலை குறைந்த சிவப்பு ஒயின்கள் ஆறு வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகச் சனிக்கிழமை இரவுகளில் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தேன். இப்போது திரும்பப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. 'புளிப்பு, வாய் வறண்டது' என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். நான்காவது பாட்டிலுக்கு மட்டும் 'நனைந்த அட்டைப்பெட்டி வாடை' என்று இருக்கிறது. பாட்டில்களின் பின்புறத்தில் பிளாக்பெர்ரி, தோல், தேவதாரு என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது ஒயினுக்கு முதலில் 74 போட்டேன். ஒரு மாதம் கழித்து அதையே இன்னொரு பாட்டில் வாங்கிக் குடித்தபோது 86 போட்டிருக்கிறேன்.

என் நாக்கு சரியில்லையா? அல்லது மலிவான ஒயினில் சுவைக்க ஒன்றும் இல்லையா? ஆறு பாட்டில் பணத்தையும் சேர்த்து விலை உயர்ந்த ஒன்றை வாங்கியிருந்தால் தெரிந்திருக்குமோ?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மிக மதிப்புள்ள குறிப்பு, நீங்கள் தலைகுனிந்து சொல்லும் அந்த 74-ம் 86-ம்தான். தன் தீர்ப்பைத் தானே மறுபடி சோதித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சோதித்தவர்களுக்குக் கிடைத்ததும் உங்களுக்குக் கிடைத்ததேதான். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒருவர், பேராசிரியராக இருந்தவர், சிறிய அளவில் ஒயின் தயாரிப்பவர். தன்னுடைய ஒரே ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்குவதும் அடுத்ததில் வெறுங்கையோடு திரும்புவதும் ஏன் என்று அவருக்குக் கேள்வி எழுந்தது. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் சில ஆண்டுகள், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று கோப்பைகளில், மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து, நடுவர்களுக்குத் தெரியாமல் வைத்தார். அந்த மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தைத் தந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. அவர்கள் அனைவரும் பழுத்த அனுபவமுள்ள நடுவர்கள். சுவைத்ததும் ஒரே நாளில், ஒரே மேசையில். நீங்களோ ஒரு மாத இடைவெளியில் தனியே உட்கார்ந்து சுவைத்திருக்கிறீர்கள்.

உங்கள் முறையில் உள்ள தவறு அந்த இடைவெளிதான். வாரத்துக்கு ஒன்று திறந்தால் நீங்கள் இரண்டு ஒயின்களை ஒப்பிடுவதில்லை. ஒரு ஒயினையும் ஒரு நினைவையும் ஒப்பிடுகிறீர்கள். முகங்களை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் நமக்கு, போன சனிக்கிழமைக் கோப்பையின் மணத்தை இன்று மனத்தில் எழுப்பிப் பார்க்க முடிவதில்லை. போதாக்குறைக்கு அன்றைய களைப்பு, அதற்கு முன் சாப்பிட்டது, பாட்டில் எவ்வளவு குளிர்ந்திருந்தது, எந்தக் கோப்பை என்று எல்லாமே வாரத்துக்கு வாரம் மாறியிருக்கும். இத்தனை மாறும்போது, மாற்றம் ஒயினிலிருந்து வந்ததா வேறெதிலிருந்து வந்ததா என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை ஆறு வேண்டாம், இரண்டும் வேண்டாம். ஒரே ஒரு பாட்டில் போதும். மலிவான, இனிப்பில்லாத, எளிய சிவப்பு ஒயின் ஒன்று. ஒரே மாதிரியான நான்கு கோப்பைகளில் 50 மில்லி வீதம் ஊற்றுங்கள். முதல் கோப்பையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் கால் தேக்கரண்டி சர்க்கரை போட்டு நன்றாகக் கரையுங்கள். மூன்றாவதில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. நான்காவதில், பால் சேர்க்காமல் தேயிலையை நெடுநேரம் ஊறவிட்டுக் கறுக்கச் செய்த நீர் ஒரு தேக்கரண்டி. பிறகு முதல் கோப்பையிலிருந்து ஒரு வாய், இரண்டாவதிலிருந்து ஒரு வாய், மீண்டும் முதலுக்கு. இப்படி ஒவ்வொன்றுக்கும் நடுவே முதல் கோப்பைக்குத் திரும்பி வாருங்கள். அவசரம் கூடாது.

இதைச் செய்து பார்த்த யாரும் 'என் நாக்கு சரியில்லை' என்று பிறகு சொல்லி நான் கேட்டதில்லை. சர்க்கரை விழுந்த கோப்பையில் புளிப்பு அடங்கிவிடும், ஒயினே கொஞ்சம் கனத்ததுபோல் தோன்றும். எலுமிச்சைக் கோப்பையில் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும். தேயிலைக் கோப்பையில் அதற்கு நேர்மாறாக ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரத்துப்போகும். உங்கள் குறிப்பில் திரும்பத் திரும்ப வரும் 'புளிப்பு, வாய் வறண்டது' என்ற சொற்கள் எவ்வளவு துல்லியமானவை என்று அப்போது உங்களுக்கே புரியும். ஒயினின் எலும்புக்கூடான இரண்டு விஷயங்களையும் நீங்கள் முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டீர்கள்.

இந்த வறட்சிக்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: துவர்ப்பு. சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்ந்து நொதிக்கிறது. அவற்றிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குகிறது. டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. ஐரோப்பிய மொழிகளில் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் இது சுவையா, தொடு உணர்வா என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணிப் பழகிய நமக்கு அந்தத் தொல்லை இல்லை. புளிப்பையும் துவர்ப்பையும் கைப்பையும் தனித்தனியே பெயரிட்டு அழைக்கும் மொழி கையில் இருக்கும்போது, பிளாக்பெர்ரியைத் தேடி ஏன் அலைகிறீர்கள்? கூடவே ஓர் எச்சரிக்கை. ஒயின் உலகில் 'டிரை' என்றால் சர்க்கரை அநேகமாக மிஞ்சவில்லை என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள். வாய் வறள்வதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு கிடையாது. துவர்ப்பே இல்லாத 'டிரை' வெள்ளை ஒயின்கள் ஏராளம்.

பிளாக்பெர்ரி, தோல், தேவதாரு பற்றி. மணத்துக்கு எல்லோரும் புரிந்துகொள்ளும் சொற்கள் வேண்டும் என்று டேவிஸ் நகரக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1984-இல் ஒரு மணச் சக்கரம், அதாவது ஒயின் மணங்களின் பெயர்களை வகைபிரித்து வட்டமாக அடுக்கிய படம், வகுத்தார். பயனுள்ள வேலை. ஆனால் அதிலுள்ள சொற்கள் பழகிய மணங்களுக்கான சொற்கள். பிளாக்பெர்ரியை ஒருமுறையும் முகர்ந்திராதவர் ஒயினில் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? உடலிலேயே வேறுபாடும் உண்டு. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். அந்த ஆய்வில் முகர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு சேர்த்தும் அது தெரியவே இல்லை. அவர்கள் பழக்கம் இல்லாதவர்கள் அல்லர். அந்த மணம் அவர்கள் மூக்குக்கு எட்டாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் நான்காவது பாட்டில். அது தக்கை போட்ட பாட்டிலா? அப்படியானால் அந்த நனைந்த அட்டைப்பெட்டி வாடை பெரும்பாலும் தக்கையின் கோளாறு. ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் தக்கையில் உண்டாகி ஒயினுக்குள் இறங்கிவிடுகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஒயினைக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்தக் கோளாறை விளக்கும்போது சொல்லும் உவமையே நனைந்த அட்டைதான். யாரும் சொல்லித்தராமல் அதே சொற்களை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கோளாறு விலை பார்த்து வருவதில்லை, மிக உயர்ந்த ஒயினிலும் வரும். திருகுமூடி போட்ட மலிவான பாட்டிலில் இதற்கான வாய்ப்பு மிக அரிது. அந்த ஒயினுக்கு நீங்கள் போட்ட மதிப்பெண்ணை அடித்துவிடுங்கள். அது அந்த ஒயினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மதிப்பெண்களையே விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். நூற்றுக்கு இத்தனை என்று போடும்போது இல்லாத ஒரு துல்லியத்தை நம்பத் தொடங்குகிறோம். அதற்குப் பதில் 'இடது கோப்பை, வலது கோப்பையைவிடப் புளிப்பு, துவர்ப்பு குறைவு, எனக்கு வலது பிடித்தது' என்று எழுதுங்கள். எது எதைவிட என்று எழுதப் பழகிவிட்டால் குறிப்புகள் தாமாகக் கூர்மையாகிவிடும்.

நான்கு கோப்பைச் சோதனைக்குப் பிறகு இணைகளுக்கு வாருங்கள். முதலில் வெகு தொலைவில் நிற்கும் இரண்டு. வெள்ளை ஒயின்களில் சாவின்யோன் பிளாங்கும், ஓக் மரப் பீப்பாயோ ஓக் மரச் சீவலோ தொட்ட ஷார்டனேயும் நல்ல இணை. முன்னதில் வெட்டிய புல்லும் பச்சைக் குடைமிளகாயும் போன்ற மணம், கூரான புளிப்பு. பின்னதில் வெனிலா, சில வேளை வெண்ணெய். வெனிலா ஓக் மரம் தருவது. வெண்ணெய் மணம், கூரான புளிப்புள்ள மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் டையசெட்டில் என்ற பொருளால் வருவது. அடுத்து சிவப்பில் பினோ நுவாரும் கபர்னே சாவின்யோனும், தோல் மெல்லிய திராட்சையும் தோல் தடித்த திராட்சையுமாக. துவர்ப்பின் வேறுபாட்டை அங்கே வாயால் அளக்கலாம். அதன் பிறகுதான் ஒரே திராட்சை, இரண்டு ஊர்கள்: சிலியின் கபர்னே ஒன்று, தென்பிரான்சின் கபர்னே ஒன்று. நீங்கள் ஆறு சிவப்பு ஒயின்களோடு தொடங்கியது, தமிழ் எழுத்துக்களைக் கற்பவர் முதல் நாளே ர-வையும் ற-வையும் காதால் பிரிக்கப் புறப்பட்டதுபோல.

பாட்டில்களைக் காகிதத்தால் சுற்றி மூடிவிட்டு வேறொருவரை எண் போடச் சொல்லுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். பிரான்சின் போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஏற்றுக்கொண்டது. விலையும் அப்படியே. ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, கூடுதல் விலை சொன்ன கோப்பை கூடுதல் இன்பம் தந்ததை 2008-இல் மூளையைப் படமெடுத்தே காட்டினார்கள். கோப்பைகள் ஒன்றுபோல் இருக்கட்டும். சுவைப்பதற்கென்றே சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 1977-இல் வகுத்த கோப்பை 215 மில்லிதான் கொள்ளும், வாய் குறுகியது. அதுபோன்ற சிறியது எதுவும் போதும். இரண்டு ஒயின்களும் ஒரே குளிர்ச்சியில் இருப்பது முக்கியம். அதிகம் குளிர்ந்தால் மணம் ஒடுங்கித் துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். முதல் சுற்று முடிந்ததும் வரிசையை மாற்றிச் சுவையுங்கள். துவர்ப்பு வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போகும், எது கடைசியோ அதற்குக் கெட்ட பெயர் வந்துவிடும்.

ஒரு மாதம் இப்படிச் செய்த பின் மூன்று கோப்பைச் சோதனைக்கு உட்காருங்கள். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு முறை சரியாக இருக்கும். ஆகவே ஒரு வெற்றியை நம்பாதீர்கள். ஆறு முறையில் ஐந்து சரியென்றால், அது ஊகத்தால் நடக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு கூட இல்லை. நான் இதில் முதன்முறை உட்கார்ந்த அன்று, ஒரே ஒயின் இருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றுக்கு 'மெலிந்தது' என்றும் மற்றதற்கு 'நிறைவானது' என்றும் எழுதினேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஒயினைப் பற்றி எனக்கு அதைவிட அதிகம் கற்றுத்தந்த தாள் வேறில்லை.

விலை உயர்ந்த ஒன்றை வாங்கியிருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லாத ஒற்றைப் பாட்டில், எத்தனை உயர்ந்ததானாலும், விலைச்சீட்டைத்தான் சுவைக்கவைக்கும். மலிவான ஒயினில் ஆழம் குறைவு என்பது பெரும்பாலும் உண்மை. பீப்பாய்க்குப் பதில் ஓக் சீவல் போடுவார்கள், புளிப்பையும் துவர்ப்பையும் மறைக்கக் கொஞ்சம் இனிப்பை விட்டுவைப்பார்கள், ஆண்டுக்கணக்கில் முதிரக் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கற்கிறவருக்கு இவையெல்லாம் பாடங்கள். சீவலின் வெனிலா அதில் உரக்கக் கேட்கும். மிஞ்சிய சர்க்கரையை உங்கள் இரண்டாவது கோப்பையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். மூன்று கோப்பைச் சோதனையில் நிலையாகத் தேறும் நாள் வரை விலை உயர்ந்ததை வாங்காதீர்கள்.

கடைசியாக, விழுங்குவது பற்றி. 50 மில்லி வீதம் ஆறு கோப்பை என்றால் 300 மில்லி. 13 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால். நான்காவது கோப்பைக்குள் தீர்ப்பு தள்ளாடத் தொடங்கிவிடும். ஒரு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துத் துப்புங்கள். ஒயினைத் தொழிலாகச் சுவைப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மிஞ்சியதைச் சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாட்கள் தாங்கும். நேற்றைய மிச்சத்தையும், இன்று புதிதாகத் திறந்த அதே ஒயினையும் அருகருகே வைத்தால் அதுவும் ஓர் இணைதான். அந்த நான்கு கோப்பைகளில் எது உங்களை அதிகம் திடுக்கிடவைத்தது என்று எழுதுங்கள். எனக்கு அன்று எலுமிச்சைக் கோப்பை.