பித்தளையில் பதித்த வெள்ளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இடைக்கால இஸ்லாமிய உலகைச் சேர்ந்த பித்தளைக் கெண்டி ஒன்றின் படத்தைப் பார்த்தேன். அதில் வேட்டைக்காரர்களும் இசைக் கலைஞர்களும் நிறைந்திருந்தார்கள். இஸ்லாமியக் கலையில் மனித உருவங்களுக்கு இடமில்லை என்றுதானே படித்திருக்கிறோம்?

பதில்: பள்ளிவாசல்களிலும் குர்ஆன் பிரதிகளிலும் உருவங்களைத் தவிர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் புழங்கிய பாத்திரங்களில் அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. விருந்துக்கு முன்னும் பின்னும் பணியாளர் கெண்டியிலிருந்து நீர் வார்க்க, விருந்தினர் கை கழுவிய நீரை அகன்ற வட்டகை ஒன்று ஏந்திக்கொள்ளும். எல்லோர் கண்முன்னும் நடந்த இந்த உபசாரத்தில் வீட்டுக்காரரின் அந்தஸ்து வெளிப்பட்டதால், அரச வாழ்வின் இன்பங்களான வேட்டை, விருந்து, இசை ஆகியவற்றையும், கோள்களையும் இராசிகளையும் அந்தப் பாத்திரங்களின் மேல் செதுக்கினார்கள். உரிமையாளருக்குப் புகழும் நலமும் நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும் என்னும் அரபு வாழ்த்து வரிகள் இடையிடையே பட்டைகளாக ஓடும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பிளாக்காஸ் கெண்டி இதற்குச் சிறந்த சான்று. ஷுஜா இப்னு மனா என்னும் கலைஞர் ஹிஜ்ரி 629ஆம் ஆண்டு ரஜப் மாதம், அதாவது 1232இல், இன்றைய இராக்கிலுள்ள மோசுல் நகரில் இதைச் செய்ததாக அதன் கழுத்துப் பகுதியிலுள்ள எழுத்துகளே சொல்கின்றன. எஞ்சியிருக்கும் பாத்திரங்களில், தான் மோசுலில் செய்யப்பட்டதாகக் கூறுவது இது ஒன்றுதான். 'அல்-மவ்ஸிலி' (மோசுல்காரர்) என்று கையொப்பமிட்ட வேறு பலர் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் இருந்து வேலை செய்தவர்கள் என்பதால், அந்த அடைமொழியை மட்டும் நம்பிப் பாத்திரத்தின் ஊரைத் தீர்மானிக்க முடியாது.

உருவங்கள் விஷயத்தில் என்னை அதிகம் வியக்க வைப்பது வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ள ஒரு வட்டகைதான். 1240 முதல் 1249 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூபின் பெயரையும் பட்டங்களையும் தாங்கிய அதில், போலோ ஆட்டக்காரர்களோடு கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகளும் இடம்பெற்றிருக்கின்றன. சிலுவைப் போர்க் காலத்தில் ஒரு முஸ்லிம் சுல்தானுக்காக இப்படி ஒரு பாத்திரம் உருவானது என்றால், அந்தச் சமூகத்தை நாம் வழக்கமாகக் கற்பனை செய்வதைவிடச் சற்றுத் தாராளமாகவே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பித்தளையின் மேல் வெள்ளியை எப்படி ஒட்டினார்கள்? முழுவதும் வெள்ளியிலேயே செய்யாதது ஏன்?

பதில்: ஒட்டவில்லை, அடித்துப் பதித்தார்கள். உருவத்தின் எல்லையை உளியால் கீறி, உட்பகுதியை இலேசாகத் தாழ்த்தி, விளிம்பை உட்புறமாகச் சரித்துக் குடைந்த பின், மெல்லிய வெள்ளித் தகட்டை அதில் வைத்துத் தட்டுவார்கள்; விளிம்பு தகட்டைக் கவ்விக்கொள்ளும். முகம், ஆடை மடிப்பு போன்ற நுணுக்கங்களை வெள்ளியின் மேலேயே கீறி, பின்னணியைக் கரிய கலவையால் நிரப்புவார்கள். காலப்போக்கில் வெள்ளி பெயர்ந்தும் பெயர்க்கப்பட்டும் போனதால், பல பாத்திரங்களில் இன்று வெறும் பள்ளங்களே தெரிகின்றன.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் அருந்துவதை நபிமொழிகள் கண்டிப்பதைப் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது ஓரளவுக்கே சரி. ஆட்சியாளர்கள் அத்தகைய பாத்திரங்களையும் வைத்திருந்தார்கள், ஆனால் பணமுடை வந்தபோது அவை உருக்கப்பட்டுவிட்டன. பித்தளை தப்பியது. தவிரவும், இதில் விலை உலோகத்துக்கு அல்ல, கைத்திறனுக்குத்தான். 1181-82இல் ஹெராத் நகரில் செய்யப்பட்டு இப்போது ஜார்ஜியாவின் திபிலிசியில் இருக்கும் கெண்டியில், இதற்கு நிகரான ஒன்றை இன்று யாரால் காட்ட முடியும் என்று கெண்டியைப் புகழும் பாரசீகக் கவிதையே பொறிக்கப்பட்டிருக்கிறது! மஹ்மூத் இப்னு முஹம்மத் என்னும் அதன் கலைஞருக்குத் தன்னடக்கம் அவ்வளவாக இருந்ததாகத் தெரியவில்லை. 1220களில் மங்கோலியர் ஹெராத் அடங்கிய குராசான் பகுதியை அழித்தபோது மேற்கே பெயர்ந்த கலைஞர்களால்தான் மோசுலில் இக்கலை செழித்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' உண்மையில் அவருடையதா?

பதில்: இல்லை. புனித லூயி எனப்படும் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி 1270இல் இறந்தார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்தைச் சேர்ந்த இந்த வட்டகை 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆனால் 1606இல் பதின்மூன்றாம் லூயிக்கு ஞானஸ்நானம் செய்விக்க இது பயன்பட்டது. முஹம்மத் இப்னு அஸ்-ஸைன் என்னும் கலைஞர் இதில் ஆறு இடங்களில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். செய்வித்தவரின் பெயர் எங்குமே இல்லை.