சைக்கிள் எஞ்சினுக்கு எந்த ஜெற்?

கேள்வி: பழைய சைக்கிளொன்றில் சிறிய டூ ஸ்ரோக் எஞ்சின் பொருத்தி ஓட்டுகிறேன். மெதுவாகப் போகும்போது குறையில்லை; எக்சிலேற்றரை முறுக்கினால் விட்டுவிட்டு அடிக்கிறது, புகையும் அதிகம், பிளக் கரி படிந்து ஈரமாக இருக்கிறது. காபரேற்றரின் பக்கத்துத் திருகாணியைத் திருகியும் பலனில்லை. நுவரெலியாவிலுள்ள என் மைத்துனர், இதே எஞ்சினுக்குச் சிறிய ஜெற் (காபரேற்றருக்குள் பெற்றோல் வரும் துளையுள்ள சிறு திருகாணி) போட்டதும் சரியாகிவிட்டது என்கிறார். நானும் அதையே போடலாமா?

– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அதை அப்படியே போடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் திருகிய திருகாணி பெற்றோலின் அளவை மாற்றுவதில்லை. இவ்வகை எளிய காபரேற்றர்களில் அது, உள்ளே ஏறியிறங்கும் உருளை எவ்வளவு தாழலாம் என்பதை மட்டும் தீர்மானித்து, வண்டி நிற்கையில் எஞ்சின் அணையாமல் ஓடும் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்த உருளையில் தொங்கும் ஊசிதான் ஏறத்தாழக் கால் முறுக்கிலிருந்து முக்கால் முறுக்குவரை பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேல் பிரதான ஜெற்றின் அளவே முக்கியம். ஆகவே கைபிடியில் ஒட்டுநாடாவால் கால், அரை, முக்கால் என்று குறியிட்டு, கோளாறு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

அரை முறுக்கிலேயே தொடங்கினால், ஊசியின் மேல்பகுதி வெட்டுகளில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுங்கள். கிளிப் ஏறினால் ஊசி தாழும், பெற்றோல் குறையும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் பலர். முக்காலுக்கு மேல் மட்டும் என்றால் ஜெற்றை ஒரு படி சிறிதாக்கலாம். எதையும் மாற்றுமுன், எயார் பில்டர் ஒயிலில் ஊறி அடைத்திருக்கிறதா, சோக் முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயிலைக் கண்மதிப்பில் ஊற்றுபவரானால் அதையும் நிறுத்துங்கள்: 5 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் ஒயில் என்றால் 25:1 கலவை. ஒயில் மிகுந்தாலும் பிளக் கறுக்கும்; அந்தக் கறுப்பை ஜெற்றால் போக்க முடியாது.

காலி வீதி நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று வந்தபின் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். சுத்தமான பிளக்கைப் பூட்டி, வீதி வெறிச்சோடிய அதிகாலையில் சிறிது தூரம் முழு முறுக்கில் ஓடி, அந்தக் கணமே எஞ்சினை அணைத்துக் கிளச்சைப் பிடித்து ஓரங்கட்டிய பின் பாருங்கள். கோப்பி நிறம் சரி, ஈரக் கறுப்பு பெற்றோல் அதிகம், வெண்மை ஆபத்து.

மைத்துனரின் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், அவருக்குப் பெற்றோலும் அதற்கேற்பக் குறைய வேண்டியிருந்தது. அதே ஜெற்றைக் கடலோரத்தில் பூட்டினால் காற்று மிகுந்து கலவை மெலியும். டூ ஸ்ரோக்கில் பெற்றோலோடுதான் ஒயிலும் போகிறது என்பதால், வெப்பம் ஏறும்போதே ஒயிலும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடக்கூடும். சிறிது புகையைப் பொறுத்துக்கொள்வது அதைவிட மலிவு.

பஞ்சிகாவத்தையில் ஜெற் வாங்கப் போகும்போது உங்களுடையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். துளையின் எண் ஒன்றாயிருந்தாலும் புரியின் அளவு காபரேற்றருக்குக் காபரேற்றர் மாறும்.